நீலகண்ட சாத்திரியாரும் கல்வெட்டுத் தமிழும்

தென்னிந்திய வரலாற்றாசிரியர்களுள் முன்னிற்பவராகிய பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் (1892–1975) தமிழ் ஆராய்ச்சியுலகில் இருவேறு வகையாக மதிக்கப்பெற்று வருகின்றார். சோழர் வரலாற்றுக்கு அசைக்கவொண்ணா அடிப்படையிட்டவர் அவரே எனப் போற்றுவர் ஒரு சாரார். வடமொழிப் பண்பாட்டுக்கு முதன்மை தந்து தமிழின் தனித்தன்மையைக் குறைத்து மதித்தவர் எனத் தள்ளுவர் மற்றொரு சாரார். போற்றுவோர் அவருடைய ஆண்டுக் கணக்கையும் அடிக்குறிப்புக்களையும் எடுத்தாண்டு அவ்வளவில் அமைந்துவிடுகின்றனர். தள்ளுவோருட் பலர் அவர் நூல்களைத் தொடக்கமுதல் இறுதிவரை பயின்று மறுத்தாரல்லர். இரு சாராரும் மனிதரை எடைபோடுகின்றனரேயன்றி, அவர் கையாண்ட ஆராய்ச்சி நெறியைத் துருவி நோக்குவது அரிதாகவே உள்ளது.

இக்கட்டுரை ஒரு வினாவையே மேற்கொள்கின்றது. தமிழ்ச் சான்றுகளைக் கொண்டு தமிழகத்தின் வரலாற்றை எழுதிய ஒருவர், அம்மொழி வரலாறு எழுதுதற்குத் தமக்கு ஏற்ற கருவியன்று எனக் கருதினார். அக்கருத்து அவர் எழுதிய வரலாற்றில் எங்கேனும் தடம் பதித்துள்ளதா? பதித்துள்ளதாயின், அதனால் விளைந்த குறை யாது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வது ஒருவரைக் குற்றஞ்சாட்டுதற்கன்று. தமிழ்த் துறையினராகிய நாம் செய்யாது விட்ட பணி ஒன்று இவ்வினாவிற்குள் அடங்கியுள்ளது என்பதே எம் கருத்து.

வாழ்வும் பணியும்

சாத்திரியார் 1892ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 12ஆம் நாள் நெல்லைச் சீமையைச் சார்ந்த கல்லிடைக்குறிச்சியில் தோன்றினார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று, முதுகலைத் தேர்வில் மாகாணத்தில் முதல்வராகத் தேறினார். 1913ஆம் ஆண்டில் தாம் பயின்ற நெல்லைக் கல்லூரியிலேயே விரிவுரையாளராக அமர்ந்து ஐந்தாண்டுகள் கற்பித்தார். 1918இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகச் சென்றார். தமிழகம் மீண்டு, சிதம்பரத்தில் 1920ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மீனாட்சி கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். அக்கல்லூரியே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அவ்வாண்டில் திருச்சிராப்பள்ளித் தேசியக் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றிய சாத்திரியார், அவ்வாண்டிலேயே சாக்கோட்டை கிருட்டிணசாமி ஐயங்காரை அடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, தொல்பொருளியல் துறைப் பேராசிரியரானார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1946 வரை அவர் இருந்த காலமே அவருடைய ஆராய்ச்சி விளைந்த காலம். 1929இல் பாண்டியப் பேரரசு பற்றிய நூல் வெளிவந்தது. 1932இல் சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய ஆய்வுகளின் தொகுதி வந்தது. 1935இலும் 1937இலும் ‘சோழர்கள்’ என்னும் பெருநூலின் பகுதிகள் வெளியாயின. 1939இல் மெகசுதனிசு முதல் மாகுவான் வரை அயல்நாட்டார் தென்னாட்டைப் பற்றி எழுதிவைத்த குறிப்புக்களைத் தொகுத்தளித்தார். தென்னிந்திய வரலாற்றுச் சிக்கல்களில் ஆராய்ச்சி நெறி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனைத் தனிநூலாகவே 1941இல் எழுதினார். தம் நெறியைத் தாமே வெளிப்பட எடுத்துரைத்த வரலாற்றாசிரியர் அந்நாளில் மிகச் சிலரே. ஆதலின் அவரை அவர் வகுத்த அளவுகோலைக் கொண்டே அளத்தல் முறையாகும்.

ஓய்வுக்குப் பின்னரும் அவர் உழைப்பு ஓய்ந்திலது. சீவிசய நாட்டு வரலாற்றை 1949இல் வெளியிட்டார். 1952 முதல் 1955 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராக விளங்கினார். 1955இல் ‘சோழர்கள்’ திருத்திய பதிப்பாக வந்தது. பலரும் பாடநூலாகக் கொண்ட தென்னிந்திய வரலாறும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 1957இல் பத்மபூசண் விருது பெற்றார். அவ்வாண்டு முதல் 1972 வரை, யுனெஸ்கோவின் சார்பில் சென்னையில் இயங்கிய தென்கிழக்காசிய மரபுப் பண்பாட்டு நிறுவனத்தின் இயக்குநராகப் பணிபுரிந்தார். 1959இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய வரலாறு பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1975ஆம் ஆண்டில் மறைந்தார். இந்நெடிய பணிக்காலத்தில் அவர் எழுதிய பெருநூல்கள் யாவும் ஆங்கிலத்தில் அமைந்தன. ‘சோழர்கள்’ தமிழாக்கமாக நம் கைக்கு வந்ததும் அவர் மறைவுக்குப் பின்னரே.

1915ஆம் ஆண்டின் வழக்கு

அவர் ஆங்கிலத்தில் எழுதியது வெறும் வழக்கத்தால் நேர்ந்ததன்று; ஆய்ந்து கொண்ட கொள்கையின் பயனாகும். 1915ஆம் ஆண்டில் வங்க வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார் ‘மாடர்ன் ரிவியூ’ என்னும் திங்களிதழில், வரலாற்றாசிரியர் ஒருவரின் மனந்திறந்த கூற்று என்னும் பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். தாய்மொழிகளில் தக்க வரலாற்று நூல்கள் இல்லாமைக்கு வருந்தி, அம்மொழிகளிலேயே வரலாற்றை எழுதவும் கற்பிக்கவும் வேண்டுமென வற்புறுத்தினார். அப்போது நெல்லையில் இளம் விரிவுரையாளராக இருந்த சாத்திரியார் அக்கருத்தை மறுத்துக் கடிதம் வரைந்தார். வரலாற்றுப் பொருளை எடுத்துரைத்தற்குத் தமிழனாகிய தமக்குத் தமிழினும் ஆங்கிலமே வாய்ப்பான கருவியாக உள்ளது என்பது அவர் கூற்றின் சாரம். இதனைக் கண்ட பாரதியார் வெகுண்டு கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

இவ்வழக்கைப் பலர் நாட்டுப்பற்று உடையார்க்கும் இல்லார்க்கும் இடையே நிகழ்ந்த பூசலாகவே காண்கின்றனர். அவ்வாறு காண்பது போதாது. சாத்திரியார் பயின்ற பள்ளியும் கல்லூரியும் ஆங்கில வழியின. அவர் கற்பித்ததும் ஆங்கில வழியிலேயே. அந்நாளில் வரலாற்றுத் துறைக்குரிய கலைச்சொற்கள் தமிழில் நிலைபெறவில்லை என்பதும் உண்மையே. ஆதலின் தம் நிலைமையை உள்ளவாறு கூறினார் என்ற அளவில் அவரைக் குறைகூறல் பொருந்தாது. ஆயினும் அக்கூற்றினுள் ஒரு கருதுகோள் மறைந்து நிற்கின்றது. தமிழ் பாட்டுக்கும் பத்திமைக்கும் உரிய மொழி. ஆட்சி, வரி, நிலவுரிமை, சட்டம் ஆகியவற்றைத் துல்லியமாக உரைத்தற்கு அது பயிற்சி பெறவில்லை என்பதே அக்கருதுகோள். இதனை ஏற்பதா மறுப்பதா என்பதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. அடுத்த இருபதாண்டுகளில் சாத்திரியார் தாமே பல்லாயிரக்கணக்கில் கையாண்ட கல்வெட்டுக்களே அதற்குச் சான்றாகின்றன.

அவர் நிலைநிறுத்தியவை

கல்வெட்டுக்களின் பக்கம் செல்லுமுன் அவருடைய பெருமையை அறுதியிட்டுக் கொள்ளல் வேண்டும். 1887 முதல் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் வெளிவரலாயின. 1890இல் ஹுல்ட்சு தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதல் தொகுதியைப் பதிப்பித்தார். வெங்கையா முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். கீல்ஹார்ன், சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றோர் கல்வெட்டுக்களில் காணும் நாள்மீன், கிழமை, திதிக் குறிப்புக்களைக் கணித்து மன்னர்தம் ஆட்சித் தொடக்கங்களை வரையறுத்தனர். இவ்வாறு சிதறிக்கிடந்த முடிவுகளையெல்லாம் ஒருங்கு திரட்டி, விசயாலயன் முதல் மூன்றாம் இராசேந்திரன் வரை நானூறு ஆண்டு வரலாற்றை ஒரே கோவையாக அமைத்துக் காட்டியது சாத்திரியாரின் அரும்பணியாகும். இராசகேசரி, பரகேசரி என மாறிமாறி வரும் பட்டங்களையும் ஆட்சியாண்டு எண்ணையும் மட்டும் தாங்கிய கல்வெட்டு எம்மன்னனுடையது என்று துணிவது எத்துணை அரிதென்பதனைப் பழகியவரே அறிவர். அக்காட்டில் வழி வகுத்தவர் அவர்.

இலக்கியச் சான்றுகளை அவர் கையாண்ட முறையிலும் நாம் கற்கத்தக்கன பல உள. முச்சங்கங்கள் பல்லாயிரம் ஆண்டு நிலைபெற்றன என்னும் களவியலுரைச் செய்தியை அவர் வரலாறாகக் கொள்ளவில்லை. ஆயினும் தொகைநூற் பாடல்கள் கிறித்துவுக்குப் பிற்பட்ட முதற் சில நூற்றாண்டுகளின் வாழ்வைக் காட்டும் நற்சான்று என ஏற்றுக்கொண்டார். முதற் குலோத்துங்கன் 1070இல் அரியணை ஏறிய சூழ்நிலையை ஆராய்கையில், சாளுக்கிய அவைப்புலவன் பில்கணன் கூற்றையும் சோழ அவைப்புலவர் சயங்கொண்டார் கூற்றையும் அருகருகே வைத்து, இருவரும் தத்தம் தலைவனைப் புகழ்தற்கு நூல் செய்தவர் என்பதனை மறவாது, கல்வெட்டுக்களோடு ஒத்திட்டே முடிவு கூற முற்பட்டார். புலவன் கூற்றைப் பொய்யெனத் தள்ளாமலும் மெய்யென அப்படியே கொள்ளாமலும் எடைபோடும் இந்நடுவுநிலை இன்றும் நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் காணக் கிடைப்பதில்லை.

சான்றுகள் பேசும் மொழி

இனி, அவர் கையாண்ட சான்றுகள் எம்மொழியில் எவ்வாறு பேசுகின்றன என்பதனை நோக்குவோம். 1932இல் அவர் தனிக்கட்டுரையாக ஆராய்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் இரண்டும் முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரியன, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்படுதல், வாரியங்களின் வகை, உறுப்பினர்க்குரிய தகுதி, தகுதியின்மை, குடவோலை எழுதி எடுக்கும் முறை ஆகியவை அவற்றில் படிப்படியாக விதிக்கப்பெற்றுள்ளன. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வீடு, வயது வரம்பு, வேதப் பயிற்சி எனத் தகுதிகள் கூறப்படுகின்றன. ஓலையை இடும் குடம், அதனை எடுக்கும் சிறுவன், எடுத்த ஓலையைப் படித்துக் காட்டும் முறை வரை ஐயத்துக்கு இடமின்றி வகுக்கப்பெற்றுள்ளன. இக்கல்வெட்டுக்களில் வடசொற்கள் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் வாக்கியத்தின் எலும்பும் நரம்பும் தமிழே. விதியையும் விலக்கையும் நிபந்தனையையும் தாங்கி நிற்பன தமிழ் வினையெச்சங்களே.

லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள் இதனினும் தெளிவாக எம் கருத்தை வலியுறுத்துவன. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரத்துக்கு முதல் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைக் கூறுவன அவை. 21 ஏடுகளுள் 5 வடமொழி, 16 தமிழ். வடமொழிப் பகுதி குலப்புகழையும் கொடைச் செய்தியையும் பாடலாகக் கூறுகின்றது. அரசன் வாய்மொழி எவ்வாறு ஓலையாயிற்று, அதனை ஒப்பிட்டவர் எவர், வரிப்பொத்தகத்தில் எவ்வாறு பதியப்பட்டது, நாட்டார் ஆணையை எதிர்கொண்டு பிடிசூழ்ந்து கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை வகுத்தது எங்ஙனம் என்பனவெல்லாம் தமிழ்ப் பகுதியிலேயே உள்ளன. புகழுக்கு வடமொழியும் நடப்புக்குத் தமிழும் என அமைந்த இப்பாகுபாடு சோழ அரசின் அலுவல்மொழி எது என்பதனை ஐயமறக் காட்டும்.

தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்க்குரிய வீடும், பங்கும் நிரல்பட வரைந்துள்ளன. நில அளவுகள் வேலியிலிருந்து மா, காணி, முந்திரிகை எனக் கீழிறங்கிக் கீழ்முந்திரிகை வரை கணக்கிடப்பெற்றுள்ளன. இனி, முதல் இராசராசன் காலந்தொட்டுக் கல்வெட்டுக்களின் முகப்பில் அமையும் மெய்க்கீர்த்தியோ, ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிச் செய்திகளையும் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டு வளர்வது. அரசு தன் வரலாற்றைத் தானே அகவல் நடையில் எழுதிப் பாதுகாத்த வடிவம் அது. இவ்வளர்ச்சியைக் கொண்டே சாத்திரியாரும் பிறரும் போர்களின் முன்பின் முறையைத் துணிந்தனர்.

ஆகவே, ஆட்சி, வரி, நிலம், சட்டம் ஆகியவற்றைத் துல்லியமாக உரைக்கும் உரைநடை தமிழுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கைவந்திருந்தது என்பது சாத்திரியார் நூலின் ஒவ்வோர் அடிக்குறிப்பாலும் பெறப்படும். 1915இல் அவர் கொண்ட கருத்துக்கு வலிமை மிக்க மறுப்பை எழுதியவர் பாரதியார் மட்டுமல்லர். ‘சோழர்கள்’ நூலாசிரியரும் ஆவர். எனினும் அந்நூலாசிரியர் அம்மறுப்பைத் தாம் எழுதியதாக உணர்ந்தவராகத் தோன்றவில்லை. கல்வெட்டு அவருக்குச் செய்தி தரும் சுரங்கமாயிற்று. அச்செய்தியைத் தாங்கிய சொல் ஆராய்ச்சிக்குரிய பொருளாகவில்லை. குறை தொடங்கும் இடம் இதுவே.

சொல்லை நோக்காமையால் நேர்ந்தன

‘நாடு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஊர், நாடு, வளநாடு, மண்டலம் என்பன ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆட்சிப் பிரிவுகளாகவே சாத்திரியார் நூலில் தோன்றுகின்றன. மேலிருந்து கீழாக அரசு வகுத்த பிரிவுகள் என்னும் எண்ணம் படிப்பவர் உள்ளத்தில் பதிகின்றது. 1973இல் வெளிவந்த எ. சுப்பராயலு அவர்களின் சோழநாட்டு அரசியல் நிலவியல் பற்றிய நூல், கல்வெட்டில் வரும் ஊர்களை நிலப்படத்தில் இடங்கண்டு, நாடு நாடாகக் குறித்துக் காட்டிற்று. நாடு என்பது நீர்வளத்தைச் சார்ந்து இயல்பாகத் திரண்ட உழவர் ஊர்களின் கூட்டம் என்பதும், ஆறுகளை எல்லையாகக் கொண்டு இராசராசன் வகுத்த வளநாடே அரசு புகுத்திய செயற்கைப் பிரிவு என்பதும் அதனால் விளங்கின. ஆங்கிலத்தில் மாவட்டம், வட்டம் போன்ற சொற்களால் இவற்றைப் பெயர்த்துவிட்டால் இவ்வேறுபாடு முற்றும் மறைந்துபோம்.

வரிச்சொற்களின் நிலையும் இத்தகையதே. கல்வெட்டுக்களில் நூற்றுக்கணக்கான வரிப்பெயர்கள் வருகின்றன. சாத்திரியார் அவற்றுட் பலவற்றின் பொருளை விளக்க முயன்றார். விளங்காதவற்றை விளங்கவில்லை என்றே கூறிய அவர் நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் எச்சொல் எந்த மண்டலத்தில், எந்த மன்னன் காலத்தில், எத்துணை முறை வருகின்றது என்று எண்ணிப் பார்க்கும் முயற்சி அவர் நூலில் இல்லை. சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும் சீதாராமனும் 1972இல் அம்முயற்சியை மேற்கொண்டனர். கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி, எச்சோறு, முட்டையாள் போன்ற சிலவே பரவலாக வழங்கின என்பதும், ஏனையவற்றுட் பல ஓரிடத்தும் ஒரு காலத்தும் மட்டும் தோன்றுவன என்பதும் அதனால் வெளிப்பட்டன. சொற்களை எண்ணியபோது வரியமைப்பின் உருவமே வேறாகத் தோன்றிற்று.

‘காணி’ என்னும் சொல் மூன்றாவது எடுத்துக்காட்டு. 1966இல் கராசிமா திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் கல்வெட்டுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நிலத்தை விற்றவர் யார், வாங்கியவர் யார், எல்லையாகக் குறிக்கப்பட்ட நிலம் எவருடையது என ஒவ்வொன்றாக நோக்கினார். வேளாளர் ஊராகிய அல்லூரில் நிலம் ஊரார்க்குப் பொதுவாக இருந்ததும், பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் தனியார் உடைமையாக இருந்ததும் புலனாயின. பிற்காலத்தில் தனியார் காணியுரிமை வேளாளரிடையேயும் பெருகியமை தொடர்ந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. சோழர் காலச் சமுதாயம் நானூறு ஆண்டும் ஒரே நிலையில் நின்றதன்று, உள்ளிருந்தே மாறிவந்தது என்னும் பேருண்மை இவ்வாறு ஒரு சொல்லின் வழியே கண்டறியப்பட்டது.

சாத்திரியார் சோழ அரசைப் பைசாந்தியப் பேரரசின் மன்னர்நிலையோடு ஒப்பிட்டதும் இக்குறையின் பாற்பட்டதே. வலிமை மிக்க அலுவலர் அமைப்பும், தன்னுரிமை மிக்க ஊராட்சியும் ஒருங்கே இருந்தன என்பது அவர் கொள்கை. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றுபட்டு இயங்கும் என்று பர்ட்டன் இசுடைன் 1980இல் வினவினார், அவ்வினா நேரியது. ஆனால் அவரும் அதற்கு விடையாகக் கொணர்ந்தது ஆப்பிரிக்கப் பழங்குடியினர் பற்றிய ஆய்விலிருந்து பெற்ற கூறாக்க அரசு என்னும் கோட்பாட்டையே. ஒருவர் கிழக்கு உரோமையும் மற்றொருவர் ஆப்பிரிக்காவும் சென்று சொல் தேடினர். திருவாய்க்கேள்வி, திருமந்திர ஓலை, புரவுவரித் திணைக்களம், நாட்டார், ஊரார் எனச் சோழ அரசு தன்னைத் தானே விளக்கிக்கொண்ட சொற்கள் கல்லிலேயே காத்துக்கிடந்தன. ஒப்பியல் வேண்டாவென்பது எம் கருத்தன்று. உள்நாட்டுச் சொல்லின் பொருளை முற்றக் கண்டபின் ஒப்பிடுவதே முறை என்பதே யாம் கூற விழைவது.

பண்டாரத்தாரும் அவரும்

இங்ஙனமாயின், சாத்திரியார் தமிழில் எழுதியிருந்தால் இக்குறைகள் நேர்ந்திரா என்று சிலர் கூறலாம். அதனை எளிதில் ஏற்பதற்கில்லை. தி. வை. சதாசிவ பண்டாரத்தார், சாத்திரியார் பிறந்த அதே 1892ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், மூன்று நாள் கழித்துத் திருப்புறம்பியத்தில் பிறந்தவர். கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, 1942இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சித் துறையை அடைந்தவர். 1930இல் முதற் குலோத்துங்க சோழனைப் பற்றியும், 1940இல் பாண்டியரைப் பற்றியும் தமிழில் நூல் செய்தார். பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதலிரு பகுதிகள் 1949, 1951ஆம் ஆண்டுகளிலும், இறுதிப் பகுதி அவர் மறைந்தபின் 1961லும் வெளிவந்தன. வரலாற்றை எழுதத் தமிழால் இயலும் என்பதனை வாதத்தால் அன்றிச் செயலால் நிறுவியவர் அவர். நூலின் சேர்க்கையாக மெய்க்கீர்த்திகளை முழுமையாகத் தந்ததனால், படிப்பவர் சான்றின் சொல்லைத் தாமே நேரில் காணும் வாய்ப்பையும் அளித்தார்.

ஆயினும் பண்டாரத்தாரின் நூலும் மன்னர் வரிசையை ஒட்டியே நடக்கின்றது. நாடு, காணி, கடமை என்னும் சொற்களின் பொருள் காலந்தோறும் மாறிய வரலாற்றை அவரும் தேடினாரல்லர். மறுபுறம், கராசிமா எழுதியது ஆங்கிலத்திலும் சப்பானியத்திலும். எனினும் அவர் ஆராய்ந்தது தமிழ்ச் சொல்லை. இதனால் ஒன்று தெளிவாகின்றது. வரலாற்றை எம்மொழியில் எழுதுவது என்பது ஒரு வினா. சான்றின் மொழியை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வதா இல்லையா என்பது வேறொரு வினா. முதல் வினாவில் பண்டாரத்தார் வழியே நம் வழி. தமிழ் மாணவன் தன் நாட்டு வரலாற்றை முதன்மை ஆராய்ச்சியாகத் தன் மொழியில் பெறும் உரிமையுடையவன். ஆனால் இரண்டாம் வினாவுக்கு விடை தாராத வரலாறு, தமிழில் எழுதப்பெற்றாலும் சாத்திரியாரின் குறையிலிருந்து தப்பிவிடாது. அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்று மட்டும் குற்றங்கூறி மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சாத்திரியார் சார்பில் ஒன்று கூறுதல் கடனாகும். சோழர் கடல் கடந்து சென்றமையும், 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் கடாரத்தின்மேல் நடத்திய படையெடுப்பும் உலக வரலாற்றறிஞர் நடுவே ஆராய்ச்சிப் பொருளாக நிலைபெற்றதில் அவர் ஆங்கில நூல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. செதேசு போன்ற பிரெஞ்சு அறிஞர்கள் கண்ட தென்கிழக்காசியச் சான்றுகளைத் தமிழகக் கல்வெட்டுக்களோடு இணைத்துப் பேசத் தமிழகத்திலிருந்து ஒருவர் வேண்டியிருந்தார். அவ்விடத்தை அவர் நிரப்பினார். அவருடைய கருத்தை மறுத்த பின்வந்தோர் அனைவரும் அவர் வகுத்த காலக்கோவையின்மேல் நின்றே மறுத்தனர்.

தமிழ்த் துறையின் கடன்

சாத்திரியார் ‘சோழர்கள்’ நூலை வெளியிட்ட அதே காலத்தில், அதே சென்னைப் பல்கலைக்கழகத்தில், வையாபுரிப் பிள்ளை தமிழ்ப் பேரகராதியை நிறைவேற்றிக்கொண்டிருந்தார். 1924இல் தொடங்கிய அகராதித் தொகுதிகள் 1936இல் முற்றுப்பெற்றன. 1939இல் பிற்சேர்க்கை வந்தது. கல்வெட்டுச் சொற்கள் பல அவ்வகராதியில் இடம்பெற்றன. இலக்கியச் செய்திகளில் சாத்திரியார் வையாபுரிப் பிள்ளையின் துணையை நாடினார் என்பர். எனினும் வரலாற்றுத் துறை ஆண்டையும் மன்னனையும் தேடிற்று. அகராதித் துறை சொல்லையும் பொருளையும் தேடிற்று. ஒரே கல்வெட்டை இரு துறையும் ஒருங்கிருந்து ஆராயும் நெறி அன்று உருவாகவில்லை. அப்பிரிவு இன்றும் முற்ற நீங்கியபாடில்லை.

இன்று தமிழ் முதுகலை மாணவர் பலர் சங்கப் பாடலுக்கு நுண்ணிய உரை காணும் பயிற்சி பெறுகின்றனர். ஒரு கல்வெட்டின் முழு வாசகத்தைப் படித்துப் பொருள்கொள்ளும் பயிற்சி பெறுவதில்லை. வரலாற்று மாணவருட் பலர் கல்வெட்டை ஆண்டறிக்கையின் ஆங்கிலச் சுருக்கத்தின் வழியே அறிகின்றனர். சுருக்கத்தில் கொடையும் கொடையாளியும் நிற்பர், சொல் நில்லாது. படியெடுக்கப்பெற்ற கல்வெட்டுக்களுட் பலவற்றின் வாசகம் இன்னும் அச்சேறவுமில்லை. 1978இல் வெளிவந்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவும், 2002, 2003ஆம் ஆண்டுகளில் சாந்தி சாதனா வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியும் இவ்வழியில் அமைந்த நல்ல அடிப்படைகள். ஆயினும் ஒவ்வொரு சொல்லும் எந்நூற்றாண்டில், எவ்வட்டாரத்தில், என்ன பொருளில் வழங்கி எவ்வாறு திரிந்தது என்று காட்டும் வரலாற்று முறை அகராதிக்கு இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது. அப்பணிக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்ற தமிழ் மாணவரே தகுதியுடையார். ஒரு வட்டத்துக் கல்வெட்டுக்களை எடுத்துக்கொண்டு, இறை, கடமை, காணி, குடி போன்ற பத்துச் சொற்களை மட்டும் ஒருவர் முறையாக ஆராய்ந்து முடிப்பாராயின், அது பல பொதுநிலை ஆய்வேடுகளினும் பயன் மிக்கதாகும்.

இதுகாறும் கூறியவாற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். சாத்திரியார் அமைத்த காலக்கோவை தமிழக வரலாற்றின் அடிப்படையாக நிற்கின்றது. அதனைப் புறக்கணித்து எழுதுவது இயலாது. தமிழைப் பற்றி இளமையில் அவர் கொண்ட கருத்தை அவர் தொகுத்த சான்றுகளே பொய்ப்பிக்கின்றன. ஆதலின் அதனைக் கண்டு சினங்கொள்ளுதலினும் அச்சான்றுகளைக் கற்றலே தகுதியான மறுமொழியாகும். சொல்லை ஆராயாமையால் அவர் நூலில் நேர்ந்த குறை, பின்வந்த சிலரின் உழைப்பால் ஓரளவு நிறைவெய்தியது. எஞ்சியதை நிறைவாக்கும் கடன் வரலாற்றுத் துறைக்கு எத்துணை உண்டோ அத்துணையும் தமிழ்த் துறைக்கும் உண்டு. அக்கடனை ஏற்போர் அவருடைய நூலைக் கையில் ஏந்தியே கோயிற் சுவரின்முன் சென்று நிற்றல் வேண்டும்; அவருடைய அடிக்குறிப்பு முடியும் இடத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடங்குதல் வேண்டும்.